ஊர்பேர் தெரியாதவருக்கு யார் சாட்சி?

மார்டள்ளியிலிருந்து ஒருவர் அரசு டெண்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1997 வரை மைசூர் மாவட்டத்தோடு இருந்து, பிறகு சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போன பகுதி இது. மாதேஸ்வரன் மலைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத, தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். வீட்டில் தமிழ், தாலுகா அலுவலகத்தில் கன்னடம், டெண்டர் நிபந்தனைகளில் ஆங்கிலம். கொத்து வேலை தெரிந்தவர்கள், கம்பி கட்டத் தெரிந்தவர்கள், பத்துப் பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்த மேஸ்திரிகள் இந்த வட்டாரத்தில் உண்டு. சிமெண்ட் ரோடு, சாக்கடைக் கால்வாய், அங்கன்வாடிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி என்று ஊருக்குள் வருகிற வேலைகளை அவர்களால் செய்ய முடியும். ஆனாலும் டெண்டரை எடுப்பவர் எங்கோ இருக்க, உள்ளூர்க்காரர்கள் அவருக்குக் கீழே கூலிக்கு நிற்பதுதான் இதுபோன்ற ஊர்களில் பழகிப்போன காட்சி. திறமை இல்லாததால் வந்த நிலை இல்லை இது. திறமை இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்ல ஆள் இல்லாததால் வந்தது.

அரசுப் பணத்தைச் செலவழிக்கும் அதிகாரி முன்னால் அறிமுகமில்லாத ஒரு பெயர் வந்தால் மூன்று கேள்விகள் எழும். இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? இதற்கு முன் என்ன செய்திருக்கிறார்? இவர் யாருடைய ஆள்? முதல் இரண்டுக்கும் நம்பத்தக்க பதில் கிடைக்காத இடத்தில்தான் மூன்றாவது கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த முதல் கேள்விக்கு நம்பத்தக்க பதிலைத் தருவதுதான் முறையான தரச்சான்றும் அதற்குப் பின்னால் நிற்கும் அங்கீகாரமும். பெரிய கம்பெனிக்குச் சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் பெயர் பேசும். ஊர்பேர் தெரியாதவருக்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் பேசும். சான்றிதழ் நிபந்தனைகள் சிறியவர்களை வெளியே தள்ளும் வேலி என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக வைத்தால் சிறியவர் உள்ளே வருவதற்கு இருக்கிற நேர்மையான வழி அதுதான் என்பது என் கட்சி. ‘சரியாக வைத்தால்’ என்ற நிபந்தனை பெரியது. இந்தப் பதிவின் பாதி அதைப் பற்றியதுதான்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். சான்றளிப்பு வேறு, அங்கீகாரம் வேறு. தங்க நகையை எடுத்துக்கொள்ளுங்கள். இது 22 காரட் என்று கடைக்காரர் சொல்வது அவருடைய வாக்கு. ஹால்மார்க் மையம் அதைச் சோதித்து முத்திரை குத்துவது சான்றளிப்பு. அந்த மையத்தின் கருவியும் ஆளும் முறையும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் போய்ப் பார்த்து அனுமதி தருவது அங்கீகாரம். ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானதும் இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கத்தான். ஆய்வகங்களுக்கு இந்த மேல்பார்வையைச் செய்வது என்ஏபிஎல். ஐஎஸ்ஓ போன்ற சான்றிதழ்களைத் தரும் நிறுவனங்களுக்கு என்ஏபிசிபி. இரண்டும் 1997இல் தொடங்கிய இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் வருபவை. சோதிப்பவரைச் சோதிப்பவர் யார் என்று கேட்டு, அதற்குப் பதில் இருந்தால் மட்டுமே ஒரு காகிதத்துக்கு மதிப்பு. இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகினாலே டெண்டரில் வரும் காகிதங்களில் கணிசமானவற்றை ஒதுக்கிவிடலாம்.

தகுதி நிபந்தனை வைப்பது நமக்குப் புதிதில்லை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. குடத்தில் ஓலை போட்டுக் குலுக்குவது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யாருடைய பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதற்கு நிபந்தனைகள் இருந்தன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், படிப்பு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. இன்றைய இரு உறை டெண்டரின் முதல் உறையைப் போலத்தான்: முதலில் தகுதி, பிறகு தேர்வு. ஆனால் அந்த நிபந்தனைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நிலம் வேண்டும் என்பது சொத்தைப் பற்றிய நிபந்தனை. கணக்குக் காட்டியிருக்க வேண்டும் என்பது நடத்தையைப் பற்றியது. முதலாவது ஊரில் பெரும்பாலானவர்களை எப்போதைக்குமாக வெளியே நிறுத்தியது. இரண்டாவது, தப்புச் செய்தவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் நிறுத்தியது. ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் டெண்டர் நிபந்தனைகளில் இந்த இரண்டு வகையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. நாம் சண்டை போட வேண்டியது முதல் வகையோடு. கோபத்தில் இரண்டாம் வகையையும் சேர்த்து எதிர்த்துவிடுகிறோம்.

பொதுக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்ததில் தென்மாநிலங்கள் முந்திக்கொண்டன. தமிழ்நாடு 1998இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை இயற்றியது. கர்நாடகத்தின் சட்டம் 1999இல் வந்து 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விளம்பரம் செய்ய வேண்டும், எல்லோரும் போடலாம், முன்கூட்டிச் சொன்ன அளவுகோல்படி மட்டுமே மதிப்பிட வேண்டும் என்பது இரண்டுக்கும் அடிப்படை. இன்று கர்நாடகத்தில் எல்லாம் மாநில அரசின் கொள்முதல் தளமான கேபிபிபி இணையதளத்தில். மார்டள்ளியில் இருப்பவரும் டிஜிட்டல் கையெழுத்தோடு விலை போடலாம். கதவு சட்டப்படி திறந்துவிட்டது. ஆனால் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே வருபவரைப் பற்றிய பயமும் கூடுகிறது. அந்தப் பயத்துக்கு அரசு கண்டுபிடித்த எளிய மருந்து, அனுபவமும் வரவுசெலவும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடி ரூபாய் வேலைக்கு டெண்டர் போடுபவர் அதே மாதிரியான வேலைகளில் 80 லட்சத்தில் ஒன்றோ, 50 லட்சத்தில் இரண்டோ, 40 லட்சத்தில் மூன்றோ முடித்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுச் சராசரி வரவுசெலவு குறைந்தது 30 லட்சம் இருக்க வேண்டும். அதிகாரிகள் இஷ்டத்துக்கு நிபந்தனை வைத்து வேண்டியவரை உள்ளே விடுவதைத் தடுக்க வந்த, நல்ல நோக்கமுள்ள விதிதான் இது.

ஆனால் இந்த விதியால் நடப்பது என்ன? முன்பு வேலை கிடைத்தவருக்கே மறுபடி வேலை கிடைக்கும். முதல் 40 லட்சம் வேலையை யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ‘வேலை முடித்த சான்றிதழ்’ என்று துறை கொடுக்கும் காகிதம், வேலை முடிந்தது என்று மட்டும் சொல்கிறது. அந்த ரோடு அடுத்த மழைக்குத் தாங்கியதா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அனுபவ நிபந்தனை நேற்று உங்களுக்கு யார் வாய்ப்புக் கொடுத்தார்கள் என்பதை அளக்கிறது. தர அங்கீகாரம் இன்று உங்களால் என்ன செய்ய முடியும் என்பதை அளக்கிறது. உத்திரமேரூர்க் கணக்கில் சொன்னால் வரவுசெலவு நிபந்தனை கால் வேலி நிலம். இது போதாதென்று சிறு வேலைகளைச் சேர்த்து ஒரே பெரிய பேக்கேஜாக டெண்டர் விடுவதைப் பற்றிக் கர்நாடக ஒப்பந்ததாரர் சங்கம் தொடர்ந்து புகார் சொல்லி வருகிறது. பத்துக் கிராமத்துச் சிறு வேலைகளை ஒன்றாகக் கட்டினால் அந்தப் பத்துக் கிராமத்து ஒப்பந்ததாரர்கள் ஒருவராலும் அதைத் தொட முடியாது. அந்தப் புகாரில் எனக்கு முழு உடன்பாடு.

சான்றிதழை நிபந்தனையாக வைத்து, அதை மெய்யாகவே செயல்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதில் விலையும் தரமும் கட்டுப்பாடு இழந்திருந்த நிலையில் 1994இல் அது தொடங்கப்பட்டது. அதை வடிவமைத்ததில் ஐஏஎஸ் அதிகாரி ஆர். பூர்ணலிங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து கொடுக்க விரும்பும் கம்பெனி நல்ல உற்பத்தி முறைச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே முக்கிய நிபந்தனை. தகுதி உறையில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். இந்த அளவோடு நின்றிருந்தால் அது இன்னொரு காகித நிபந்தனையாகப் போயிருக்கும். அங்கே சான்றிதழ் நுழைவுச் சீட்டாக மட்டுமே இருந்தது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் தொகுதி தொகுதியாக மாதிரி எடுப்பார்கள். மாதிரியிலிருந்து கம்பெனியின் பெயரை நீக்கிக் குறியீட்டு எண் கொடுத்து, பட்டியலில் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. தேறிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போகும், பணமும் அதன் பிறகுதான். தேறாதவர் கறுப்புப் பட்டியலுக்குப் போகலாம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரிக் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தப் பெயர் மறைத்த மாதிரி. சென்னையில் நான்கு மாடி அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனியின் மாத்திரையும், எங்கோ ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் சிறு கம்பெனியின் மாத்திரையும் ஆய்வகத்துக்கு வெறும் எண்களாகப் போகின்றன. அங்கே ‘யாருடைய ஆள்’ என்ற கேள்விக்கு வாய் திறக்கவே வழியில்லை. கான்கிரீட்டுக்கும் இது பொருந்தும். எம்-20 கான்கிரீட்டை 15 சென்டிமீட்டர் கட்டியாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, 28ஆம் நாள் எந்திரத்தில் வைத்து அழுத்தினால், அது ஏறத்தாழ 45 டன் சுமைக்குத் தாங்க வேண்டும். வார்த்தவர் பெங்களூரா மார்டள்ளியா, அவருக்கு எம்எல்ஏவைத் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் அந்த அளவீட்டுக்குள் வராது. தெரிந்தவர் யாரும் இல்லாதவர்கள் அளவீட்டுக்குப் பயப்படக் காரணம் இல்லை. அளவீடு இல்லாத இடத்தில்தான் அவர்கள் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சான்றும் தகுதியும் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மோர்பியை நினைத்தால் போதும். 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தில் மச்சு ஆற்றின் மேல் இருந்த தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தைப் பராமரித்து நடத்தும் பொறுப்பு கடிகாரத் தயாரிப்புக்குப் பெயர்போன ஒரு குழுமத்திடம் 15 ஆண்டுக்கு, டெண்டரே இல்லாமல், ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. பழுதுபார்க்கும் வேலை உள்ஒப்பந்தமாகக் கைமாறியது. செய்தவர்களுக்கு அந்த மாதிரி வேலைக்கான தகுதி இல்லை என்று நீதிமன்றத்தில் அரசுத் தரப்பே சொன்னது. மரத் தளத்துக்குப் பதிலாக அலுமினியத் தகடு போட்டார்கள், வடத்தைத் தொடவில்லை. அறுந்த வடத்தின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. நகராட்சியின் தகுதிச் சான்று இல்லாமலேயே பாலம் திறக்கப்பட்டிருந்தது. நடந்த ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் ‘இதைச் செய்ய உனக்கு என்ன தகுதி, யார் சோதித்தார்கள்’ என்று கேட்டிருக்கலாம். அறிமுகமும் பழக்கமும் அந்தக் கேள்வியின் இடத்தில் இருந்தன. சான்றிதழ் என்றால் சலித்துக்கொள்பவர்கள் இந்த 135 பேரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும், அதை ஒதுக்கிவிட முடியாது. கர்நாடகத்திலேயே, பல்லாரியில், 2024 நவம்பரில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் அடுத்தடுத்து ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அது மாநில மருந்துக் கொள்முதல் கழகம் டெண்டர் மூலம் வாங்கியது. விற்ற கம்பெனி உரிமம் பெற்றிருந்தது. அந்தக் கம்பெனியின் சில தொகுதிகளை மாநில ஆய்வகம் தரமற்றவை என்று முன்பே சொல்லியிருந்தது. அவற்றில் மறுசோதனைக்குப் போனவற்றைக் கொல்கத்தாவில் உள்ள மத்திய மருந்து ஆய்வகம் தரமானவை என்று சொல்லியிருந்தது. காகிதம் இருந்தது, சோதனை இருந்தது, இரண்டு அரசு ஆய்வகங்கள் இருந்தன, தாய்மார்கள் போய்விட்டார்கள். இதற்குப் பிறகும் சான்றிதழைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

என் பதில் இதுதான். பல்லாரி சான்றிதழ் வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகாது. சான்றிதழோடு நிறுத்தக்கூடாது என்பதற்கு ஆதாரம் அது. ஒரு கம்பெனியின் மேல் ஒரு முறை சந்தேகம் எழுந்த பிறகு, இரண்டு ஆய்வகங்கள் முரண்பட்ட பிறகு, அந்தச் சரக்கு நோயாளியின் நரம்புக்குப் போகும் வழியை முழுவதுமாக அடைத்திருக்க வேண்டும். முரண்பாடு வந்தால் மூன்றாவது சோதனை முடியும்வரை சரக்கைக் கிடங்கிலேயே வை என்று ஒரு எளிய விதி போதும். அங்கீகாரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறு, அதை ஒரு நாள் நிகழ்ச்சியாக நினைப்பது. ஐஎஸ்ஓ 9001 சான்றிதழே மூன்று ஆண்டுக்குத்தான், அதிலும் ஆண்டுதோறும் வந்து பார்க்க வேண்டும். டெண்டர் திறந்த அன்று காகிதத்தைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தக் காலம் முழுவதும் அதைக் கோப்பில் தூங்கவிடும் துறை, அந்தச் சான்றிதழை வாங்கியதாகவே கொள்ள முடியாது.

இன்னொரு குறை, காகிதத்தைச் சரியாகப் படிக்காதது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பு யாருக்கும் நேரடியாகச் சான்றிதழ் தருவதில்லை. அது தரநிலையை எழுதுவதோடு சரி. அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம்தான் தர வேண்டும். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்கு, யாரும் நேரில் வந்து பார்க்காமல், சில நாளில் ஐஎஸ்ஓ சான்றிதழ் அனுப்புகிறோம் என்ற விளம்பரங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கீகாரச் சின்னம் இல்லாத அந்தக் காகிதங்களும் டெண்டரில் ஏறுகின்றன. ஆய்வகத்திலும் இதே கதை. என்ஏபிஎல் அங்கீகாரம் ஒரு கட்டடத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தெந்தச் சோதனைக்கு என்று பட்டியலோடு கிடைக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், பூச்சிமருந்து எச்சத்தைச் சோதிக்கவும் அங்கீகாரம் பெற்றது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஜல் ஜீவன் திட்டம் தண்ணீர் ஆய்வகங்கள் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற வேண்டும் என்கிறது. நல்லது. அந்த அங்கீகாரப் பட்டியலில் நம் ஊர்த் தண்ணீருக்குத் தேவையான சோதனை இருக்கிறதா என்பதைக் கிராமப் பஞ்சாயத்து பார்க்க வேண்டும். என்ஏபிஎல் இணையதளத்தில் ஆய்வகத்தின் பெயரைப் போட்டால் பட்டியல் வரும். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது மறுப்பு, செலவு. இது மார்டள்ளிக்காரரின் மறுப்பு, அதனால் எனக்கு அதிகம் வலிப்பதும் இதுதான். சான்றிதழுக்குக் கட்டணம், ஆலோசகருக்குப் பணம், ஆவணம் எழுத ஆள், ஆண்டுதோறும் புதுப்பிப்பு. வேலை கிடைப்பதற்கு முன்பே இத்தனை செலவழிக்கச் சொல்வது கால் வேலி நிலம் கேட்பதற்குச் சமம்தானே? சமம்தான், செலவைச் சிறியவர் தலையிலேயே கட்டினால். அதனால்தான் செலவை யார் ஏற்பது என்பது இந்த விவாதத்தின் மையம். மத்திய அரசின் செட் (ZED) தரச் சான்றிதழ்த் திட்டம் 2022இல் புதுப்பிக்கப்பட்டபோது குறுந்தொழில்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதத்தை அரசே ஏற்றது. சிறு தொழிலுக்கு 60, நடுத்தரத்துக்கு 50. கீழ்நிலையான வெண்கலச் சான்றுக்கு 10,000 ரூபாய் என்றால் குறுந்தொழில் செய்பவர் கட்டுவது 2,000. ஆனால் இது பொருள் உற்பத்தி செய்பவருக்கு. பேவர் பிளாக் அறுப்பவர், சிமெண்ட் குழாய் வார்ப்பவர் பயன்படுத்தலாம். ரோடு போடுபவருக்குப் பயனில்லை. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் குறு, சிறு தொழில் கொள்முதல் கொள்கை டெபாசிட் விலக்குத் தருகிறது, கொள்முதலில் 25 சதவீதத்தை ஒதுக்கச் சொல்கிறது. அதுவும் பொருளுக்கும் சேவைக்கும்தான். கட்டுமான ஒப்பந்தம் அதில் வராது. சலுகைகளின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேதான் கிராமத்து மேஸ்திரி நிற்கிறார்.

இதற்கு வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய வழி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறைப்படி, டெண்டர் போடும்போது தகுதி இருக்கிறது என்று ஒரே படிவத்தில் உறுதிமொழி கொடுத்தால் போதும்; வேலை கிடைக்கப்போகிறவர் மட்டும் சான்றுகளைக் காட்ட வேண்டும். வரவுசெலவு நிபந்தனை சாதாரணமாக ஒப்பந்த மதிப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. ஒரு குறிப்பிட்ட சான்றிதழ் கேட்டால் அதற்குச் சமமான வேறு சான்றையும் ஏற்க வேண்டும். மூன்றுமே சிறியவரை மனதில் வைத்தவை. கர்நாடகத்தில் இதில் முதலாவதைச் செய்தாலே, தோற்கும் ஒன்பது டெண்டருக்காக ஒருவர் ஒன்பது முறை காகிதம் சேர்க்கும் அலைச்சல் தீரும். பொய் உறுதிமொழி கொடுத்தால் டெபாசிட் பறிமுதலும் சில ஆண்டுத் தடையும் என்று வைத்தால் அதைத் தவறாகப் பயன்படுத்தவும் யோசிப்பார்கள்.

செலவைப் பற்றிப் பேசும்போது வரவையும் பேச வேண்டும். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில், மருத்துவமனைகளுக்கான என்ஏபிஎச் நுழைவுநிலைச் சான்று பெற்ற மருத்துவமனைக்குச் சிகிச்சைக் கட்டணத்தில் 10 சதவீதமும், முழு அங்கீகாரம் பெற்றதற்கு 15 சதவீதமும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். தரத்துக்கு ரூபாயில் மதிப்புப் போட்ட அரிதான இடம் இது. கட்டுமானப் பணிகளிலும் தரத்துக்கு 30 சதவீதம்வரை மதிப்பெண் கொடுத்து விலையோடு சேர்த்துப் பார்க்க நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், சில நிபந்தனைகளோடு, வழி திறந்தது. எல்-1, அதாவது குறைந்த விலை போட்டவருக்கே வேலை என்ற முறையில், ஒழுங்காகச் செலவழித்துச் சான்று பெற்றவரும் எதுவுமே செய்யாதவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். சான்றுக்குச் செலவழித்தவர் விலையில் தோற்றுப்போனால் அடுத்த முறை ஏன் செலவழிப்பார்?

மூன்றாவது மறுப்பு இடஒதுக்கீட்டை ஒட்டியது. கர்நாடகம் பட்டியல் சாதி ஒப்பந்ததாரர்களுக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 சதவீதம் என்று முதலில் 50 லட்சம் வரையிலான வேலைகளில் ஒதுக்கியது, பிறகு வரம்பை ஒரு கோடியாக்கியது. தரச்சான்று என்ற பெயரில் இதை உள்ளிருந்து அரித்துவிடுவார்கள் என்ற பயம் அர்த்தமுள்ளதுதான். ‘தகுதி’ என்ற சொல்லை இந்த நாட்டில் யாருக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒதுக்கீட்டின் மிகப் பெரிய எதிரி பினாமி. பெயர் ஒருவருடையது, வேலையும் லாபமும் இன்னொருவருடையது. லைசென்ஸை வாடகைக்கு விட்டவருக்கு ஒரு சிறு தொகை. ஒருவர் தன் பெயரில் சோதனை அறிக்கைகளையும் தரப் பதிவேட்டையும் சேர்த்துக்கொண்டே போனால், ஒதுக்கீட்டில் கிடைத்த முதல் வேலை பொதுப் பிரிவில் போட்டியிடுவதற்கான மூலதனம் ஆகிறது. வாடகைக்கு விட்டவருக்கு அப்படி எதுவும் சேர்வதில்லை. ஒதுக்கீடு கதவைத் திறக்கிறது, தரப் பதிவேடு அவர் அதே கதவில் காலமெல்லாம் நிற்காமல் உள்ளே நடக்க உதவுகிறது. ஒதுக்கீட்டு வேலைகளுக்குச் சான்றிதழை நுழைவு நிபந்தனையாக வைக்காமல், வேலையின்போது அரசு செலவில் பெற்றுக்கொடுக்கும் பயனாக வைக்கலாம்.

கடைசி மறுப்பைத்தான் அதிகம் கேட்கிறோம்: எல்லாம் கமிஷனில் முடிவாகிறது, காகிதத்தால் என்ன ஆகும்? ஊழலைச் சான்றிதழ் ஒழித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அது செய்வது சிறிய, ஆனால் உருப்படியான ஒரு காரியம். தகுதிச் சான்றோடு குறைந்த விலை போட்டவரை ஒதுக்க வேண்டுமென்றால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை வைத்து அவர் கர்நாடகச் சட்டப்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கையில் எதுவும் இல்லாதவரை ஒதுக்கக் காரணமே தேவையில்லை. ‘தகுதியில்லை’ என்ற ஒரு சொல் போதும். பில் பாஸ் ஆகும் நேரத்திலும் அப்படித்தான். வேலை சரியில்லை என்று சொல்லி நிறுத்திவைக்கும் பொறியாளர் முன்னால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையை வைத்தால், பேச்சு அவருடைய அபிப்பிராயத்திலிருந்து எண்ணுக்கு நகர்கிறது. எண்ணோடு பேரம் பேசுவது கடினம்.

இந்த இடத்தில் மறுபடி அந்தக் கான்கிரீட் கட்டிக்கு வருகிறேன். ஐஎஸ் 456 விதிப்படி ஐந்து கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஒரு மாதிரி எடுக்க வேண்டும், ஒரு மாதிரிக்கு மூன்று கட்டிகள். மார்டள்ளியில் வார்த்தவற்றை ஊறவைக்கத் தொட்டி வேண்டும், 28ஆம் நாள் எந்திரத்துக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். சோதனைக்கு, மைசூரில் 1946இல் தொடங்கிய என்ஐஇ, 1963இல் தொடங்கிய எஸ்ஜேசிஇ போன்ற பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் மூன்று கட்டிகளை எடுத்துப்போகும் செலவைச் சிறு ஒப்பந்ததாரர் தன் லாபத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் சோதனை காகிதத்தில் மட்டும் நடக்கும். மார்டள்ளி இருக்கும் ஹனூர் தாலுகாவின் கிராம வேலைகளுக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது, மணல், ஜல்லி, சிமெண்டுக்குப் பக்கத்தில் சோதனைக்கும் ஒரு தனி வரி எழுதலாம். கட்டணத்தை வேலை கொடுக்கும் துறை நேரடியாக ஆய்வகத்துக்குக் கட்டட்டும், மாதிரியில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கட்டும், அறிக்கை கன்னடத்தோடு தமிழிலும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்படட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மதிப்பீட்டில் ஒரு வரி சேர்க்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவர் தீர்மானித்தால் அடுத்த வேலையிலிருந்தே தொடங்கலாம்.